எமிஷன் நெபுலாவுக்கு 'உமிழ்முகில்'

விண்வெளியில் வாயுவும் தூசும் திரண்ட முகிலே நெபுலா. அவற்றுள் தன் ஒளியைத் தானே வெளியிடும் வகையான எமிஷன் நெபுலாவுக்கு 'ஒளிர்முகில்' என்னும் தமிழ்ச்சொல் முன்வைக்கப்பட்டுள்ளது. ஓசை இனிமையும் எளிமையும் உள்ள சொல்தான். ஆயினும் நெபுலாக்களைப் படமெடுப்பவர்களுக்கு இன்றியமையாத ஒரு வேறுபாட்டை அது மறைத்துவிடுவதால், 'உமிழ்முகில்' என்பதையே ஏற்க வேண்டுகிறேன்.

குதிரைத்தலை நெபுலாவின் படம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பின்னணியில் செந்திரையாக விரிந்திருப்பது ஐசி 434 என்னும் நெபுலா. அதன் முன்னே ஒளியை மறைத்துக் குதிரைத் தலையாகத் தெரியும் தூசுத்திரள் பர்னார்டு 33. அதே சட்டகத்தில் சற்றுத் தள்ளி நீலநிறத்தில் தெரிவது என்ஜிசி 2023 என்னும் மற்றொரு நெபுலா. ஐசி 434-இல் உள்ள ஹைட்ரஜனை சிக்மா ஓரியோனிஸ் விண்மீனின் புறஊதாக் கதிர்கள் அயனியாக்குகின்றன. பிரிந்த எலக்ட்ரான்கள் மீண்டும் அணுவோடு சேர்ந்து படிப்படியாகக் கீழிறங்கும்போது, மூன்றாம் ஆற்றல் மட்டத்திலிருந்து இரண்டாம் மட்டத்துக்கு வருகையில் 656.3 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பொளி பிறக்கிறது. என்ஜிசி 2023-இன் நீலமோ பெரும்பாலும் அருகிலுள்ள விண்மீனின் ஒளியைத் தூசு சிதறடிப்பதால் வருவது. படத்தில் இரண்டும் ஒளிர்கின்றன. ஆகவே 'ஒளிர்முகில்' என்று படக்குறிப்பு எழுதினால் எதைச் சொல்கிறோம் என்பதே தெரியாமல் போகும்.

இந்த வேறுபாடு புதியதன்று. பூனைக்கண் நெபுலாவின் நிறமாலையில் தொடர்ச்சியான வண்ணப்பட்டைக்குப் பதிலாகத் தனித்தனி ஒளிக்கோடுகள் இருப்பதை 1864-இல் வானியலாளர் வில்லியம் ஹக்கின்ஸ் கண்டார். கார்த்திகைக் கூட்டத்தின் மெரோப்பே விண்மீனைச் சூழ்ந்த நெபுலாவின் நிறமாலை அக்கூட்டத்து விண்மீன்களின் நிறமாலையை ஒத்திருப்பதை 1912-இல் வானியலாளர் வெஸ்டோ ஸ்லைஃபர் காட்டினார். ஒன்று தன் ஒளியைத் தானே வெளியிடுவது. மற்றொன்று இரவல் ஒளி.

வீட்டு மாடியில் தொலைநோக்கி வைத்திருப்பவருக்கு இது பணச்செலவைத் தீர்மானிக்கும் செய்தியும் ஆகும். மேற்சொன்ன ஹைட்ரஜன் சிவப்பொளியைச் சுற்றி ஏழு நானோமீட்டர் அகலத்தை மட்டுமே விடும் ஹைட்ரஜன்-ஆல்ஃபா ஃபில்டரைப் பொருத்தினால் தெருவிளக்கின் ஒளியும் நிலவொளியும் பெருமளவு தடைபட, ஐசி 434-இன் அந்தச் சிவப்பொளி ஏறத்தாழ முழுவதும் உள்ளே வரும். அதே ஃபில்டரோடு கார்த்திகையைச் சூழ்ந்த நெபுலாவை நோக்கினால், அதன் ஒளி எல்லா அலைநீளங்களிலும் பரவிக் கிடப்பதால், வானப் பின்னணியோடு நெபுலாவும் சேர்ந்தே மங்கிவிடும். அதற்கு இருண்ட ஊர்தான் மருந்து. சாதாரண டிஜிட்டல் கேமராவின் சென்சாருக்கு முன்னுள்ள ஃபில்டர் இந்தச் சிவப்பொளியின் பெரும்பகுதியைத் தடுத்துவிடுவதால் பலர் அதை அகற்றி மாற்றுகிறார்கள். அந்த மாற்றத்தால் மிகுந்த பயன் கிடைப்பதும் தானே ஒளியை வெளியிடும் முதல் வகைக்குத்தான். புதிதாக வருபவர் சொல்லைப் பார்த்தே இதை ஊகிக்க முடிய வேண்டும்.

'உமிழ்' என்பது துப்புவதைக் குறிக்கும், ஆகவே நயமில்லை என்ற மறுப்பை நான் ஏற்கவில்லை. 'ஒளி உமிழும்', 'அனல் உமிழும்' என்று இயல்பாக எழுதுகிறோம். எல்இடியை 'ஒளி உமிழ் டையோடு' என்று பள்ளி மாணவர்களே படிக்கிறார்கள். 'உமிழ்முகில்' வினைத்தொகையாக அமைவதால் 'உமிழ்வு விண்முகில்' என்பதைவிடச் சுருக்கமாகவும் இருக்கிறது. படத்தின் கீழே சிற்றெழுத்தில் இட வேண்டிய சொல்லுக்கு அந்தச் சுருக்கம் பெரிய வசதி.

மற்ற இரண்டு வகைகளில் பர்னார்டு 33 போன்றவற்றுக்கு 'இருள்முகில்' போதும். என்ஜிசி 2023 போன்றவற்றுக்கு 'எதிரொளிப்பு முகில்' என்பது 'ரிஃப்ளெக்‌ஷன் நெபுலா' என்னும் ஆங்கிலப் பெயரோடு பொருந்தும் என்றாலும், அங்கே நிகழ்வது கண்ணாடியில் நிகழ்வது போன்ற எதிரொளிப்பன்று, சிதறல் என்பதால், 'சிதறொளி முகில்' என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். ஹக்கின்ஸ் ஆராய்ந்த பூனைக்கண், பிளானட்டரி நெபுலா எனப்படும் வகையைச் சேர்ந்தது. சாகும் நிலையிலுள்ள விண்மீன் உதிர்த்த வாயு அது. ஒளி பிறக்கும் முறையால் அதுவும் உமிழ்முகிலே. எனவே 'உமிழ்முகில்' என்பதை விண்மீன் பிறக்கும் இடங்களுக்கு மட்டும் உரிய பெயராகச் சுருக்காமல், பொதுப்பெயராகவே வரையறுக்க வேண்டும்.