துடைப்பத்தைக் கீழே வைத்த கதை (உங்களுடையதையும் சொல்லுங்கள்)

பதிவு 1

பயந்தோ அருவருத்தோ விரட்டிக்கொண்டிருந்த ஓர் உயிரை நின்று பார்க்க ஆரம்பித்த அனுபவம் பலருக்கும் இருக்கும். என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எனக்குக் குளவி. ஜன்னல் மூலையில் மண்கூடு கண்ணில் பட்டால் போதும், துடைப்பத்தை எடுத்துவிடுவேன். ஒட்டடை அடிப்பதுபோல அதுவும் ஒரு வேலை, அவ்வளவுதான். ஒருநாள் அப்படித் தட்டியதில் கூடு உடைந்து ஏழெட்டுப் பச்சைப் புழுக்கள் தரையில் சிதறின. செத்தவை என்று நினைத்துக் காகிதத்தால் அள்ளப் போனேன். காகித முனை பட்டதும் ஒன்று லேசாக நெளிந்தது. உயிர் இருக்கிறது, ஆனால் நகரவில்லை. ஏன்?

அந்த 'ஏன்' வந்த நாளோடு என் சுத்தபத்தம் கெட்டது.

தேடிப் படித்தேன். அது வேட்டுவன் குளவி. கூட்டமாக வாழாது, தாய் தனியாளாகவே எல்லாம் செய்யும். ஈர மண்ணை உருட்டி எடுத்துவந்து, சின்னஞ்சிறு பானையாக வனையும். முதலில் உள்ளே ஒரு முட்டை. பிறகுதான் வேட்டை. புழுவைக் கொட்டினால் அது சாகாது, முடங்கிப்போகும், செத்தால் அழுகிவிடுமே! முட்டையிலிருந்து வரும் குஞ்சுக்கு அந்தப் புழுக்கள்தான் சாப்பாடு. பானை நிறைந்ததும் வாயை மண்ணால் அடைத்துவிட்டுத் தாய் போய்விடும். ஃபாப்ர் (1823–1915) என்ற பிரெஞ்சுப் பூச்சியியலாளர் இந்தக் கூடுகளை ஆராய்ந்து, முட்டை பானையின் கூரையிலிருந்து ஒரு மெல்லிய இழையில் தொங்குவதைப் பார்த்து எழுதியிருக்கிறார். கீழே கிடக்கும் புழுக்கள் நெளிந்தாலும் முட்டை நசுங்காது. படித்தபோது நான் தட்டிவிட்ட கூடுகளை எண்ணிப் பார்த்தேன். எண்ணிக்கை நினைவில் இல்லை என்பதுதான் கொடுமை.

'குளவி கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும்' என்கிறோமே, அதுவும் அப்போதுதான் விளங்கியது. புழு உள்ளே போனதையும் குளவி வெளியே வந்ததையும் நம் ஆட்கள் சரியாகத்தான் பார்த்திருக்கிறார்கள். நடுவில் நடந்ததை மண் மூடியிருந்தது.

அடுத்த கூட்டை நான் தொடவில்லை. சுண்டைக்காய் அளவுதான் இருக்கும். கழுத்து, வெளியே மடிந்த விளிம்பு, எல்லாம் அச்சு அசல் பானை. ஒவ்வொரு மண் உருண்டையையும் வைத்த பிறகு உணர்கொம்புகளால் சுற்றிலும் தட்டிப் பார்த்தது. நான் இரண்டடி தள்ளி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். என்னைச் சட்டை செய்யவே இல்லை. இத்தனை வருடம் எதற்கு அப்படிப் பயந்தேன் என்று எனக்கே வெட்கமாக இருந்தது.

பதிவு 2

நல்ல பதிவு. ஆனால் இதைப் படித்துவிட்டு யாரும் கதண்டுக் கூட்டின் கீழே நாற்காலி போட்டுவிடாதீர்கள்! வேட்டுவன் வேறு, கதண்டு வேறு. கதண்டு கூட்டமாக வாழும் பெரிய குளவி, கூட்டைக் காக்க மொத்தமாகப் பாயும். தேனீயின் கொடுக்கு நம் தோலில் சிக்கிக்கொள்ளும், ஒரு கொட்டோடு முடிந்தது. குளவி இனம் எத்தனை முறை வேண்டுமானாலும் கொட்டும். சிறு வயதில் கல் எறிந்து, பதினொரு இடத்தில் வாங்கியவன் சொல்கிறேன். பயம் எனக்கு இன்றும் போகவில்லை. போகவும் வேண்டாம். முன்பு கொளுத்தச் சொல்வேன், இப்போது சுற்றிக்கொண்டு வேறு வழியில் போகிறேன். என் 'வளர்ச்சி' அவ்வளவுதான்.

பதிவு 3

என்னுடையது பயம் இல்லை, அளவுக்கு மீறிய பாசம்.

தரையில் தத்திக்கொண்டிருந்த ஒரு பறவைக் குஞ்சை 'அநாதை' என்று தூக்கிவந்தேன். அட்டைப்பெட்டி, பஞ்சு மெத்தை, சொட்டுச் சொட்டாகப் பால். காலையில் விறைத்துக் கிடந்தது. பறவைக்குப் பால் செரிக்காது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அதைவிட வலித்தது இன்னொன்று: இறகு முளைத்து, குட்டை வாலோடு தரையில் திரியும் குஞ்சு பெரும்பாலும் அநாதையே இல்லை. கூட்டைவிட்டு இறங்கிப் பறக்கப் பழகுகிறது; தாயும் தகப்பனும் பக்கத்திலேயே இருந்து ஊட்டுகின்றன. நான் செய்தது காப்பாற்றல் இல்லை, கடத்தல்.

சில வருடம் கழித்து அதேபோல் இன்னொரு குஞ்சு. கை பரபரத்தது. உள்ளே போய் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். பத்து நிமிடம் இருக்கும், அலகில் ஒரு வெட்டுக்கிளியோடு தாய் வந்து இறங்கியது. நான் நின்றிருந்த இடத்தில் நின்றிருந்தால் அது வந்திருக்காது.

பூனை நடமாட்டம் இருந்தால் மட்டும் குஞ்சை எடுத்துப் பக்கத்துக் கிளையில் விட்டுவிடுங்கள். மனிதக் கை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பது உண்மையில்லை. இறகே முளைக்காத குஞ்சு என்றால் திரும்பக் கூட்டிலேயே வைத்துவிடலாம்.

பதிவு 4 (முதல் பதிவை எழுதியவன்தான்)

கூடு என்ன ஆயிற்று என்று கேட்டிருந்தீர்கள். ஒரு மாதம் காவல் காத்தேன். வீட்டில் யாரும் அந்த ஜன்னலைத் துடைக்கக் கூடாது என்று சட்டமே போட்டேன். கடைசியில் ஒரு காலை, பானையில் ஓட்டை விழுந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. பச்சையும் நீலமும் கலந்து தகதகவென்று மின்னியது. என் குளவி அந்த நிறமே இல்லை!

குயில் காக்கைக் கூட்டில் முட்டையிடுமே, அதேபோல் குளவியிலும் ஓர் இனம் இருக்கிறதாம். தாய் வேட்டைக்குப் போன நேரம் பார்த்து உள்ளே நுழைந்து முட்டையிட்டுவிடும். அதன் குஞ்சு, வீட்டுக்காரக் குஞ்சையும் முடித்துவிட்டு வளரும். நான் இத்தனை நாள் காவல் காத்தது இதற்குத்தான்.

நிஜமாகவே கோபம் வந்தது. என் குளவியை ஏமாற்றிவிட்டதே என்று துடைப்பம் இருக்கும் மூலையைக்கூட ஒரு தரம் பார்த்தேன். அது ஜன்னல் விளிம்பில் இறக்கையைக் காயவைத்துக்கொண்டிருந்தது. விரலை அருகே கொண்டுபோனதும் சட்டென்று பந்தாகச் சுருண்டுகொண்டது. விரலை எடுத்துவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்து விரிந்து, பறந்துபோனது.