ஜெரால்டின் ஃபாரர் ஊமைப்படத்துக்குப் போனது தவறா?

கிராமபோன் பித்தர்:
குரலே கேட்காத படத்தில் ஒரு பாடகிக்கு என்ன வேலை? நியூயார்க்கில் ஓபரா என்னும் இசைநாடகங்களை நடத்தும் மெட்ரோபாலிட்டன் ஓபராவின் பெரும் நட்சத்திரமாக இருந்த ஜெரால்டின் ஃபாரர், 1915 கோடையில் கலிஃபோர்னியாவுக்குப் போய், செசில் டிமில் இயக்கிய ‘கார்மென்’ உட்பட மூன்று படங்களில் நடித்தார். 1922 ஏப்ரலில், நாற்பது வயதில், ஓபராவை விட்டே விலகினார். முன்னதன் விளைவே பின்னது என்கிறேன்.

வெள்ளித்திரை வாசகி:
காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கணக்குத்தான் இது, ஐயா. நாற்பதில் நிறுத்திக்கொள்வேன் என்று அவரே முன்கூட்டிச் சொல்லிவந்தார். குரலின் களைப்பும் படத்தால் வந்ததில்லை. 1901இல், 19 வயதில், பெர்லின் அரசவை ஓபராவில் தொடங்கியவர். நியூயார்க்கில் மட்டும் 29 வேடங்கள், 672 நிகழ்ச்சிகள். கேமரா முன் நின்ற அந்தக் கோடை தொண்டைக்கு ஓய்வு. அதன் பிறகும் 1918இல் இத்தாலிய இசையமைப்பாளர் புச்சினியின் ‘சுவோர் ஆஞ்செலிகா’ ஓபரா உலகில் முதன்முறையாக மேடையேறியபோது தலைமை வேடம் இவருக்குத்தான்.

கிராமபோன் பித்தர்:
குரலை விடுங்கள், மேடை ஒழுங்கு என்ன ஆயிற்று? படம் முடித்துத் திரும்பி 1916இல் மேடையில் ‘கார்மென்’ ஓபராவைப் பாடியபோது, உடன் பாடிய புகழ்பெற்ற பாடகர் கரூசோவை உண்மையாகவே அறைந்தார் என்று பத்திரிகைகள் பரபரத்தன. ஸ்டூடியோவில் கற்ற பழக்கம் என்றுதான் அன்றைய ரசிகர்களே முணுமுணுத்தார்கள். எதிரே நிற்பவரும் பாடியாக வேண்டும் அல்லவா? அவருடைய மூச்சைக் கலைப்பது நடிப்பாகாது.

மூன்றாம் மணி:
அறைந்ததை நானும் ஆதரிக்கவில்லை. ஆனால் அந்தத் துணிச்சல் ஸ்டூடியோவில் கற்றதா? 1910 டிசம்பரில் ஜெர்மன் இசையமைப்பாளர் ஹும்பர்டிங்கின் ‘கோனிக்ஸ்கிண்டர்’ ஓபராவில் வாத்து மேய்க்கும் பெண்ணாக வந்தார். பொம்மை வாத்துகளை ஏற்காமல் உயிருள்ள வாத்துகளையே மேடைக்குக் கொண்டுவந்தார். கைதட்டலுக்குத் தலைவணங்க வந்தபோதும் கக்கத்தில் ஒரு வாத்து! டிமில்லைச் சந்திக்க இன்னும் ஐந்து ஆண்டுகள் இருந்தன. ஒரு காட்சிக்காக அழகான ஸ்வரத்தை விட்டுக்கொடுக்கத் தயங்காதவர் அவர். நம் பித்தருக்கு உறுத்துவது அதுதான் என்று நினைக்கிறேன்.

கிராமபோன் பித்தர்:
ஆம், உறுத்துகிறது. இசைத்தட்டில் வாத்து தெரியாது; ஸ்வரம்தான் மிஞ்சும். அவ்வளவு பெரிய நடிகை என்றால், கோல்ட்வின் நிறுவனத்தில் எடுத்த படங்கள் ஏன் படுத்தன? கணவர் லூ டெல்லஜனையே ஜோடியாகப் போட்டும் கூட்டம் வரவில்லை. 1920க்குப் பிறகு படமும் இல்லை, 1923இல் அந்தத் திருமணமும் இல்லை.

வெள்ளித்திரை வாசகி:
திருமணத்தை எதற்கு இழுக்கிறீர்கள்? கோல்ட்வின் படங்கள் சுமார்தான், ஒப்புக்கொள்கிறேன். கதை தேறவில்லை. டிமில்லோ பழக்கிய விதமே வேறு. கேமரா பழகட்டும் என்று ‘மரியா ரோசா’வை முதலில் எடுத்துவிட்டுத்தான் கார்மெனுக்குப் போனார், வெளியிடும்போது வரிசையை மாற்றினார். படப்பிடிப்புத் தளத்தில் இசைக்கலைஞர்களை வாசிக்கவும் வைத்தார். அடுத்த ஆண்டே பிரெஞ்சு வீராங்கனை ஜோன் ஆஃப் ஆர்க்காகக் கவசம் பூட்டிப் பெரும் போர்க்காட்சிகளில் நிறுத்தினார். அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு வந்து பேசுங்கள்.

கிராமபோன் பித்தர்:
ஊமைக் கார்மெனைப் பார்த்துவிட்டேன், அம்மா. முகம் பேசுகிறது, மறுக்கவில்லை. ஆனால் வாய் அசையும் ஒவ்வொரு முறையும் எனக்கு எரிச்சல்தான் வந்தது.

மூன்றாம் மணி:
ஒலியை அணைத்துவிட்டுப் பார்த்திருப்பீர்கள். ஓபராவின் உரிமைக்கு விலை அதிகம் என்பதால், பிரெஞ்சு எழுத்தாளர் மெரிமேயின் மூலக்கதையிலிருந்துதான் திரைக்கதை எழுதினார்கள். ஆனால் 1915 அக்டோபர் 1 அன்று பாஸ்டன் சிம்பொனி அரங்கில் படம் முதலில் ஓடியபோது, அந்த ஓபராவுக்குப் பிசே அமைத்த இசையை ஹியூகோ ரீசன்ஃபெல்ட் தொகுத்துத் தர, இசைக்குழு நேரில் வாசித்தது. அந்தத் தொகுப்போடு வந்த பிரதியும் கிடைக்கிறது. தேடிப் பாருங்கள், மிச்சச் சண்டையை அப்புறம் போடலாம்.