காங்கோ தடுப்பூசிக் கணக்கு: மாத ரிப்போர்ட்டை நம்பலாமா, வீட்டு சர்வேயையா?

அலைவரிசை:
காங்கோ ஜனநாயகக் குடியரசில் கடைசியாக மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்தது 1984-இல். அன்று பிறந்தவர்களுக்கே இன்று பிள்ளைகள் இருக்கிறார்கள். கிழக்கே சண்டைக்குப் பயந்து லட்சக்கணக்கானோர் ஊர் மாறிவிட்டார்கள். ஆனால் ஒரு சுகாதார மண்டலத்தில் (மாகாணத்துக்குக் கீழே உள்ள சுகாதார நிர்வாகப் பகுதி) எத்தனை கைக்குழந்தைகள் என்று கேட்டால், பழைய தொகையை வருடாவருடம் ஏற்றிக்கொண்டே வந்து, அதில் நூற்றுக்குச் சுமார் மூன்றரை என்று ஒரு கணக்குப் போடுகிறார்கள். சுகாதார நிலையங்கள் ரிஜிஸ்டரைப் பார்த்து அனுப்பும் மாத ரிப்போர்ட்டில் உள்ள ஊசி எண்ணிக்கையை இந்த உத்தேச எண்ணால் வகுத்தால் மாதாந்திரக் 'கவரேஜ்', அதாவது ஊசி பெற்ற குழந்தைகளின் சதவீதம், தயார். சில இடங்களில் அது 100-ஐயும் தாண்டும்!

வீடு வீடாகப் போன 2017-18 சர்வேயில், 12 முதல் 23 மாதக் குழந்தைகளில் அடிப்படைத் தடுப்பூசிகள் முழுவதும் பெற்றவர்கள் 35% மட்டுமே. 2013-14 சர்வேயில் இது 45%. சரிவைக் காட்டியது சர்வேதான். மாத ரிப்போர்ட்டுக்குச் செலவழிக்கும் பணத்தை வருடாந்திர சர்வேக்குத் திருப்புங்கள் என்கிறேன்.

மேட்டுத்தெரு சீனி:
சார், அந்த சர்வேல வர்ற குழந்தைக்கு ஊசி போட்டே கிட்டத்தட்ட ஒரு வருஷம் ஆகியிருக்கும். அறிக்கை அச்சாகி வர இன்னும் எத்தனை மாசமோ. மண்டல அதிகாரிக்கு வேண்டியது இந்த மாசம் எந்த ஊருக்கு ஆள் போகலங்கிறது. அதை ரிஜிஸ்டர்தான் சொல்லும்.

அப்புறம், மக்கள்தொகையே தெரியாமலும் ஒண்ணு கண்டுபிடிக்கலாம். பென்டா (அஞ்சு நோய்க்கு ஒரே ஊசி, மூணு டோஸ்) முதல் டோஸ் 100 பேர், மூணாவது டோஸ் 70 பேர்னா, நடுவுல 30 பேர் நின்னுட்டாங்க. இதுக்கு 1984 எதுக்கு?

அலைவரிசை:
முதல் டோஸுக்கே வராத குழந்தை உங்கள் கணக்கில் எங்கே இருக்கிறது? அதுதான் பெரிய ஓட்டை. மேலும், போட்ட ஊசியின் எண்ணிக்கை மட்டும் சுத்தமா? ஏழை நாடுகளின் தடுப்பூசிக்கு நிதி தரும் காவி (Gavi) அமைப்பு ஒரு காலத்தில் கூடுதலாக ஊசி போட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் 20 டாலர் கொடுத்தது. 2008-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வைப் பாருங்கள். நாடுகளின் ரிப்போர்ட்படி கூடுதல் குழந்தைகள் சுமார் 1 கோடியே 39 லட்சம். சர்வேக்களோடு ஒப்பிட்டுக் கணக்கிட்டால் 74 லட்சம்தான். எண்ணுக்குக் காசு கொடுத்தால் எண் வளரும்.

தாரகை:
நான் லேப்காரி, ரெண்டு பேரையும் திட்ட வந்தேன். அலைவரிசை, சர்வேயை வேதவாக்கா எடுக்காதீங்க. தடுப்பூசி அட்டை தொலைஞ்சு போயிருந்தா அம்மாவின் ஞாபகம்தான் ஆதாரம். ஒரே குழந்தைக்குப் பல ஊசி, நாலைந்து குழந்தைகள் இருக்கிற வீடு. எந்தக் குழந்தைக்கு எந்தத் தொடையில எது போட்டாங்கன்னு நீங்க சொல்வீங்களா?

2013-14 காங்கோ சர்வேலயே குழந்தைகள்கிட்ட காகிதத்துல உலர்த்திய ரத்தத் துளி எடுத்துத் தட்டம்மை எதிர்ப்பாற்றலைப் பார்த்தாங்க. ஆனா தட்டம்மை வந்து போனவங்களுக்கும் அது இருக்கும், அதனால ஊசியா நோயான்னு பிரிக்க முடியாது. டெட்டனஸ் அப்படி இல்ல. நோய் வந்து பிழைச்சாலும் எதிர்ப்பாற்றல் நிக்காது. தாய் வழியா வந்தது மறைஞ்ச வயசுக் குழந்தை ரத்தத்துல அது இருந்தா, ஊசி போட்டிருக்குன்னு அர்த்தம். பொய் சொல்லாத சாட்சி.

மேட்டுத்தெரு சீனி:
சூப்பர் தாரகை. ஆனா எல்லா இடத்துலயும் குத்த முடியுமா? ரத்தம் வேண்டாம், சும்மா சர்வேக்கே வருவோம். பழைய முறைப்படி ஒரு மண்டலத்துக்கு 30 கிளஸ்டர் (குலுக்கல்ல எடுத்த ஊர் அல்லது தெருக் கூட்டம்), கிளஸ்டருக்கு 7 குழந்தை, மொத்தம் 210. அப்படியும் வர்ற சதவீதம் பத்துப் புள்ளி முன்னே பின்னே இருக்கும். காங்கோல 519 சுகாதார மண்டலம். பெருக்கிப் பாருங்க: 1,08,990 குழந்தை. அதுவும் வருஷா வருஷம். துப்பாக்கி நடமாடுற மண்டலத்தைத் தாண்டிப் போயிட்டா, ஊசியே போகாத குழந்தைதான் கணக்குல விடுபடும்.

அலைவரிசை:
கின்ஷாசா பொதுச் சுகாதாரப் பள்ளி சில வருடங்களாகத் தடுப்பூசிக்கென்றே பெரிய சர்வேக்கள் நடத்தி, மாகாணத்தோடு நிற்காமல் மண்டலம் வரை இறங்கியிருக்கிறது. முடியாத காரியமில்லை. வழக்கமான தடுப்பூசிப் பணியைத் தூக்கி நிறுத்த 2018-இல் வந்த மஷாகோ திட்டத்துக்கும் அந்த 35% கொடுத்த அதிர்ச்சிதான் உந்துதல். மாத ரிப்போர்ட்டைப் பார்த்து யாரும் அதிர்ந்ததாகத் தெரியவில்லை.

மேட்டுத்தெரு சீனி:
அதிர்ந்து என்ன ஆச்சு? 2019-ல தட்டம்மை. 3 லட்சத்துக்கும் மேல பாதிப்பு, 6,000-க்கும் மேல சாவு. 35%-னு தெரிஞ்சதுக்கு அடுத்த வருஷம் சார் இது.

அலைவரிசை:
அது ஊசித் திட்டத்தின் தோல்வி. அளந்தவன் மேல் பழி போடாதீர்கள்.

தாரகை:
குளிர்பெட்டி வேலை செய்யலைன்னா ஊசி போட்டும் பலன் இல்லை, அதையும் சேர்த்துக்குங்க. கவரேஜ் சரியா அளந்தாலும் பாதுகாப்பு தெரியாது.

மேட்டுத்தெரு சீனி:
சரி, இதுக்கு வர்றேன்: மாத ரிப்போர்ட்ல சதவீதத்தை அடிச்சிடுங்க. போட்ட ஊசி, காலியான மருந்துக் குப்பி, நடுவுல நின்ன குழந்தை, இது மட்டும் இருக்கட்டும். குப்பிக்கும் ஊசிக்கும் பொருந்தலைன்னா அங்கேயே புளுகு மாட்டிக்கும். ஆனா ரிஜிஸ்டருக்கான காசை வெட்டச் சொன்னா சத்தியமா ஒத்துக்க மாட்டேன்.

அலைவரிசை:
சதவீதம் இல்லாத ரிப்போர்ட்டை எந்த மந்திரி படிப்பார்?

மேட்டுத்தெரு சீனி:
படிக்க வேண்டியது மந்திரி இல்ல சார், அந்த மண்டல நர்ஸ்.