அவசரம்: ‘அனிலே’ என்பதற்குத் தமிழில் எந்தச் சொல்?

பலகைக்காரன்
வணக்கம். கோயில் பலகையில் மாலைக்குள் எழுதணும். இங்கே மொரீஷியஸ் கிரியோலில் ‘அனிலே’ என்றால் தமிழில் என்ன? மொழிபெயர்ப்புச் செயலி ‘ரத்து’ என்றது. பிறகு கமிட்டி தந்த பிரெஞ்சுத் தாளைப் படம் எடுத்துப் போட்டேன். ‘பூஜை திருப்பி அனுப்பப்பட்டுள்ளது’ என்று வருகிறது. எது சரி? சீக்கிரம்.

செம்பருத்தி
எந்தப் பூஜை? ஏன் நின்றது? வேறு நாளில் உண்டா இல்லையா? இது தெரியாமல் சொல் தர முடியாது தம்பி.

மோக்கா மாணவி
காவடியா? கொடி ஏறிவிட்டதா? கொடி ஏறி விரதம் தொடங்கியிருந்தால் ‘ரத்து’ என்று எழுதவே கூடாது. ‘ஊர்வலம் கைவிடப்படுகிறது, அபிஷேகம் கோயிலுக்குள்ளேயே நடைபெறும்’ என்று பிரித்து எழுதணும். விழா நடக்கிறது, அதில் ஒரு பகுதிதான் இல்லை.

ஏட்டுச்சுவடி
இங்கே அடிப்படையே ஆட்டம். நன்னூல் படித்திருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது. தகுதி வழக்கில் ‘மங்கலம்’ என்று ஒன்று உண்டு. செத்தாரைத் துஞ்சினார் என்போம், சுடுகாட்டை நன்காடு என்போம். கோயில் காரியத்துக்கு ‘நிறுத்தம்’, ‘முடிவு’ எல்லாம் ஆகாது. ‘பூஜை நிறைவுற்றது’ என்று எழுதுக.

செம்பருத்தி
ஐயா, நிறைவுற்றது என்றால் நடந்து முடிந்தது என்றல்லவா பொருள்? நடக்காத பூஜைக்கு அதை எழுதினால், போகத் தவறிவிட்டோமே என்று சனம் வருத்தப்படும்.

பலகைக்காரன்
வெள்ளிக்கிழமை திருவிளக்கு பூஜை. புயல். தாளில் ‘ரான்வாயே’ என்றுதான் இருக்கு, நான்தான் அனிலே என்று சொல்லிட்டேன். இரண்டும் ஒன்றுதானே?

கடைசி வரி
ஒன்றில்லை, சிக்கலே அங்கேதான். ‘ரான்வாயே’ பிரெஞ்சு ‘ரான்வுவாயே’யிலிருந்து வந்தது. அதற்குத் திருப்பி அனுப்பு, வேலையைவிட்டு நீக்கு, வேறு நாளுக்குத் தள்ளு என்று பல பொருள். செயலி முதல் பொருளைப் பிடித்துக்கொண்டது. உங்களுக்கு வேண்டியது கடைசிப் பொருள்: ஒத்திவைப்பு. ‘அனிலே’தான் ரத்து. ரத்து என்றால் அந்த நிகழ்ச்சி இனி இல்லை, கட்டிய பணம் திரும்பும். ஒத்திவைப்பு என்றால் நாள்தான் மாறுகிறது, கொடுத்த பெயரும் பணமும் அப்படியே நிற்கும். பணம் வாங்கியிருக்கிறீர்களா?

பலகைக்காரன்
ஆமாம், விளக்குக்கு. சொல்ல மறந்துட்டேன்.

மோக்கா மாணவி
பேச்சில் ‘தள்ளி வைத்தாச்சு’ என்கிறோமே, அதையே எழுதலாமா?

கடைசி வரி
நிகழ்ச்சிக்கு எழுதலாம். ஆனால் ஆளைத் ‘தள்ளி வைத்தார்கள்’ என்றால் ஊர்விலக்கு, மனைவியை என்றால் மணவிலக்கு. ‘தள்ளுபடி’ அறவே வேண்டாம். நீதிமன்றம் மனுவைத் தள்ளுபடி செய்யும், அரசு கடனைத் தள்ளுபடி செய்யும், கடைக்காரர் விலையில் தள்ளுபடி தருவார். பூஜைக்கு ஒன்றும் பொருந்தாது. இன்னொன்று: ‘ஒத்திவைக்க’ என்பதைச் சேர்த்தே எழுதுங்கள். ‘ஒத்திக்கு’ என்று கை தவறினால் கோயிலை அடமானம் வைத்ததாகிவிடும்.

வேர்ச்சொல்
‘ரத்து’ தமிழே இல்லை. அரபு ‘ரத்’, உருது வழியாக வந்தது. நீக்கம் என்று எழுதுங்கள்.

செம்பருத்தி
‘பூஜை நீக்கம்’ என்றால் நாள்காட்டியிலிருந்தே எடுத்துவிட்டதாகப் படும். அர்ச்சகரையே நீக்கியதாகவும் சிலர் படிப்பார்கள்.

யாழ்வாசகன்
இலங்கையில் நாங்கள் ‘இரத்துச் செய்தல்’ என்றுதான் எழுதுவோம். வன்தொடர்க் குற்றியலுகரத்துக்குப் பின் வல்லினம் மிகும். தமிழ்நாட்டுப் பத்திரிகைகள் ‘ச்’சை விழுங்கிவிட்டன.

ஏட்டுச்சுவடி
வேற்றுமொழிச் சொல்லுக்குப் புணர்ச்சி விதி எதற்கு?

யாழ்வாசகன்
முன்னால் ‘இ’ போட்டுத் தமிழாக்கியாயிற்று. விதியும் கூடவே வரும்.

வேர்ச்சொல்
அப்படியென்றால் வாபசுக்கும் விதி சொல்லுங்கள். 1998-ல் நம் மொரீஷியஸ் ரூபாய் நோட்டில் தமிழ் வரி இந்திக்குக் கீழே போய், எதிர்ப்புக் கிளம்பியதே. அந்த நோட்டுகளை ரத்து செய்தார்களா, வாபஸ் வாங்கினார்களா?

கடைசி வரி
திரும்பப் பெற்றார்கள். வெளியிட்டவரே மீட்டுக்கொண்டால் திரும்பப் பெறுதல். இந்தியாவில் 2016-ல் 500, 1000 ரூபாய் நோட்டுகளைச் ‘செல்லாது’ என்றார்கள். 2023-ல் 2000 ரூபாய் நோட்டைத் ‘திரும்பப் பெறுகிறோம்’ என்றார்கள், சட்டப்படி அது செல்லும் என்றும் சேர்த்தே சொன்னார்கள். சொல் மாறினால் கையிலிருக்கும் தாளின் கதியே மாறும்.

யாழ்வாசகன்
நல்லது. ‘ச்’சுக்கு இன்னும் விடை வரவில்லை.

செம்பருத்தி
பலகையை மறந்துவிட்டோம். தம்பி, இப்படி எழுதுங்கள். தலைப்பு பெரிய எழுத்தில்:

ஒத்திவைப்பு
புயல் எச்சரிக்கை காரணமாக, இவ்வெள்ளி மாலை 6 மணிக்கு நடைபெறவிருந்த திருவிளக்கு பூஜை ஒத்திவைக்கப்பட்டுள்ளது. புதிய நாள் பின்னர் அறிவிக்கப்படும். விளக்குக்குக் கட்டிய பணம் அந்நாளுக்குச் செல்லும். வெள்ளியன்று அன்னதானம் இல்லை.

நேரத்தைச் சரிபாருங்கள், நானாகப் போட்டது. ‘நடைபெறும் பூஜை’ என்று எழுதாதீர்கள். பாதி படித்தவர் குடையோடு வந்து நிற்பார். அன்னதான வரி கட்டாயம். அதை விட்டால் அதற்காகவே வருவார்கள்.

மோக்கா மாணவி
புயல் போன பிறகு என்ன எழுதுவது? ‘எச்சரிக்கை ரத்து’?

கடைசி வரி
‘எச்சரிக்கை விலக்கிக்கொள்ளப்பட்டது.’ ரத்து என்றால் தவறாக விட்ட எச்சரிக்கையோ என்று தோன்றும். தமிழ்நாட்டுத் துறைமுகங்களில் ‘புயல் கூண்டு இறக்கப்பட்டது’ என்பார்கள். அங்கே கூண்டை உண்மையாகவே ஏற்றி இறக்குவதால் அந்தச் சொல். இங்கே வாக்குவா வானிலை நிலையம் விடுவது எண் வரிசை, ஆகவே ‘மூன்றாம் நிலை விலக்கப்பட்டது’ போதும்.

ஏட்டுச்சுவடி
எல்லாம் சரி. ‘பூஜை’யைப் ‘பூசை’ என்று திருத்துக.

பலகைக்காரன்
மாட்டியாச்சு. பூஜை 5 மணிக்கு, மாத்திட்டேன். ‘ஒத்திவைக்கப்பட்டுள்ளது’ ஒரு வரியில் அடங்கலை, ‘ஒத்திவைப்பு’ தலைப்பிலேயே இருப்பதால் கீழே ‘வேறு நாளில் நடக்கும்’ என்று போட்டேன். கிளாஸ் த்ருவா, அதான் மூன்றாம் நிலை எச்சரிக்கை, வந்திருச்சு, வீட்டுக்குப் போறேன். நன்றி.

யாழ்வாசகன்
அதுவே எல்லாவற்றையும்விட நல்ல தமிழ். கவனமாகப் போங்கள்.

வேர்ச்சொல்
‘கிளாஸ்’ தமிழில்லை.