பழைய கொலைக் கேஸ் ஒண்ணைப் பேப்பர்ல தேடணும், எங்க தொடங்கலாம்?

மலைப்பூண்டு:
எங்க ஊர் கொடைக்கானல் மலையில பூம்பாறை. அப்பத்தாவோட தகரப் பெட்டியில, சேலைக்கு அடியில ஒரு பேப்பர் துண்டு கிடைச்சது. உள்ளங்கை அகலம்தான். பூச்சி அரிச்சு தேதி போயிடுச்சு. வடுகபட்டியில பூண்டு வித்த காசோட வெள்ளகவிப் பாதையில ஏறின வியாபாரியைக் குத்திக் கொன்ன கேஸ். அதுல "2-வது எதிரி"ன்னு தாத்தாவோட அண்ணன் பேர் இருக்கு. செத்தவரோட முன்பகையா? வீட்ல கேட்டா, அவர் சிலோனுக்குப் போய்த் திரும்பலைம்பாங்க. அப்பத்தா சொன்னது இவ்வளவுதான்: "விசய வருசம், ஐப்பசி அடமழ." திண்டுக்கல் கோர்ட்டுல தேடலாமா?

ஓய்வு குமாஸ்தா:
தம்பி, கோர்ட்டுத் தமிழ்ல எதிரின்னா பகையாளி இல்ல, குற்றம் சாட்டப்பட்டவர். வக்கீல் ஆபீஸ்ல அந்த வார்த்தையை எழுதியே தேய்ஞ்ச கை இது. திண்டுக்கல் மாவட்டமே 1985லதான் வந்தது. அதுக்கு முன்ன கொடைக்கானல் மதுரை ஜில்லா, மதுரை செஷன்ஸ் கோர்ட்டைப் பாருங்க. அப்பல்லாம் மாஜிஸ்திரேட் முன்னாடி பூர்வாங்க விசாரணை முடிஞ்சுதான் செஷன்ஸுக்கு கமிட் ஆகும், அதாவது கேஸை அங்க அனுப்புவாங்க. ஒரே சாட்சி ரெண்டு தடவை கூண்டேறுவான், பேப்பர்லயும் ரெண்டு தடவை வரலாம். தூக்குன்னா ஐகோர்ட் உறுதி செய்யணும், சென்னையிலயும் தேடுங்க.

வத்தலக்குண்டு பஸ்:
விஜய வருஷ ஐப்பசின்னா 1953 அக்டோபர் நடுவுல இருந்து நவம்பர் நடு வரை. (அறுபது வருஷத்துக்கு ஒருக்கா வரும், 2013லயும் வந்துச்சு.) துண்டோட பின்பக்கம் விலை ஏதாச்சும் இருக்கா? நயா பைசான்னா 1957 ஏப்ரலுக்கு அப்புறம். தினத்தந்தி 1942ல மதுரையில தொடங்கின பேப்பர், கொலைக் கேஸை லேசுல விடாது. எழும்பூர் கன்னிமாரா நூலகத்துல கேளுங்க. ஊர்ப் பேரை ‘பூம்பாரை’ன்னும் அடிச்சிருப்பான், கவனம்.

மலைப்பூண்டு:
பின்பக்கம் சோப்பு விளம்பரம், விலை அணாவுல. குமாஸ்தா ஐயா சொன்னதை அப்பத்தாகிட்ட சொன்னேன். பூண்டு உரிச்சுக்கிட்டு இருந்தவங்க கை நிக்கவே இல்ல. "சிலோனுன்னு சொல்லச் சொன்னதே உந்தாத்தாதேன்." அப்புறம் துண்டைக் கேட்டு வாங்கி, சுருக்குப் பையில வெத்தலைக்கு அடியில வச்சு இறுக்கிட்டாங்க. நல்லவேளை, போட்டோ எடுத்துட்டேன். ஐயா, ரெண்டாவது எதிரி விடுதலையும் ஆகியிருக்கலாம்ல?

ஓய்வு குமாஸ்தா:
ஆகியிருக்கலாம். குத்தினதைப் பெரிசாப் போட்டவன் விடுதலையை மூணு வரியில உள்பக்கத்துல போட்டிருப்பான். தை, மாசி, பங்குனி பேப்பரையும் சேர்த்துக் கேளுங்க.