சயாம் மரண ரயில் அருங்காட்சியகம்: கடைசிக் கூடத்துக்கு வழி தெரியவில்லை

வணக்கம். கோலாலம்பூரில் கட்டடக்கலை இறுதியாண்டு படிக்கிறேன். 1942-43இல் ஜப்பானிய ராணுவம் சயாமிலிருந்து (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்குப் போட்ட 415 கிலோமீட்டர் சயாம் மரண ரயில் பாதை வேலைக்கு நம் மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்களுக்காக ஒரு போர் அருங்காட்சியகம் வடிவமைக்கிறேன். நிலம் செந்தூல் பழைய ரயில் பட்டறைப் பக்கம், நீளமான குறுகிய துண்டு.

கதையின் வரிசையிலேயே நடைபாதை போகிறது: வெளிச்சமான லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) வாசல், கூரை தாழ்ந்த இருட்டுச் சரக்குப் பெட்டி, மழை நேராக உள்ளே விழும் முகாம் முற்றம். செம்மண் தரை சரளைக்கல்லாக மாறும்போது காலடிச் சத்தமே இடம் மாறியதைச் சொல்லிவிடும். இதுவரை சரி. கடைசிக் கூடத்தில்தான் மாட்டிக்கொண்டேன். தாய்லாந்தின் காஞ்சனாபுரியில், அந்தப் பாதையில் இறந்த போர்க்கைதிகளுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் இருக்கின்றன. நம்மவர்களில் பெரும்பாலோருக்குப் பெயர்ப்பட்டியலே இல்லை.

வெற்றுச் சுவர் வரைந்து பார்த்தேன், கட்டி முடிக்காத இடம் போல இருந்தது. தோட்டங்களின் பெயர்களைப் பொறித்தால் ஆட்கள் மறைந்துபோகிறார்கள். முதியவர்களின் குரல் பதிவு வைக்கலாமென்றால் பக்கத்து முற்றத்தின் மழைச் சத்தம் அதை விழுங்கிவிடும். அப்புறம், பொம்மைச் சிலைகள் வேண்டவே வேண்டாம். அந்த வலியை வேடிக்கைப் பொருளாக்க எனக்கு மனம் வராது. அடுத்த மாதம் இறுதி மதிப்பீடு.

அந்தப் பாதையில் உறவுகளை இழந்த குடும்பத்தினரும் கட்டடக்கலை தெரிந்தவர்களும் சொல்லுங்கள்: பெயர் தெரியாதவர்களுக்கான அந்தக் கூடத்தில், வருகிறவர்கள் எதன் முன்னால் நிற்க வேண்டும்?