மோட்டார் கையேட்டில் மெக்கானிக் குறிப்புகளைச் சேர்க்கலாமா?

கையேட்டுக்காரன், கோவை
சப்மெர்சிபிள் பம்ப் கம்பெனியில் சர்வீஸ் கையேடு எழுதுகிறேன். ஐபிஎம்மில் பிறந்து 2005-ல் ஓயசிஸ் என்ற தர அமைப்பின் தரமாக ஆன டிட்டா (DITA) என்ற கையேடு எழுதும் முறைதான்: விளக்கம், வேலைப்படி, அளவு விவரம் எல்லாம் தனித்தனித் துண்டு. ஒரு துண்டைத் திருத்தினால் அது வரும் எல்லாக் கையேட்டிலும் மாறிவிடும். இப்போது மெக்கானிக்குகளே எழுதித் திருத்தும் விக்கியையும் இதோடு சேர்க்கச் சொல்கிறார்கள். எனக்கு ஒப்பவில்லை.

ஸ்டார்ட்டர்பெட்டி, பல்லடம்
ஏனுங்ணா ஒப்பலை? த்ரீ பேஸ் மோட்டார் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று பார்ப்பதை ‘நிறுவுதல்’ பகுதியில் மட்டும் வைத்திருக்கிறீர்கள். லைனில் வேலை நடந்த மறுநாள் பேஸ் மாறிப்போய், மோட்டார் தலைகீழாகச் சுற்றித் தண்ணீர் குறையும். மூன்று வருசம் ஓடிய மோட்டாருக்கு யாருங்க ‘நிறுவுதல்’ பக்கத்தைப் புரட்டுவார்கள்? ஸ்டார்ட்டரில் இரண்டு ஒயரை மாற்றினால் தீர்கிற வேலைக்கு ஆள் கூப்பிட்டு மோட்டாரையே மேலே ஏற்றுகிறார்கள். இது விக்கியில் இருக்கு, உங்க கையேட்டில் இல்லை.

கையேட்டுக்காரன்
அதே விக்கியில் ‘ரிலே ட்ரிப் ஆனால் ஆம்பியரை ஏற்றி வை’ என்றும் இருந்தது. அதிக மின்சாரம் போனால் மோட்டாரை நிறுத்துவதுதான் ரிலே; அதன் அளவை ஏற்றினால் காயில் கருகிப்போகும். அதற்கு எத்தனை லைக் பார்த்தீர்களா?

ஸ்டார்ட்டர்பெட்டி
நேற்றே அதை எடுத்துட்டேன், விக்கியின் பழைய பதிப்பில்தான் இருக்கும், பாருங்க. உங்களுதில் தப்பு இருந்தா அடுத்த அச்சு வரைக்கும் காத்திருக்கணும்.

தறிச்சத்தம், சோமனூர்
பிஹெச்பி என்ற கணினி நிரல் மொழியின் கையேட்டைப் பாருங்கள். மேலே டாக்புக் என்ற ஆவண வடிவில் எழுதிய அதிகாரப்பூர்வப் பகுதி, கீழே பயனர் குறிப்புகள். இரண்டும் கலப்பதில்லை. ஆனால் காலாவதியான குறிப்புகளும் அங்கே கிடக்கும், களையெடுக்க ஆள் வேண்டும்.

கையேட்டுக்காரன்
கீழே என்றால் சரி. ஆனால் என் துண்டு பல மாடலுக்கும் போகிறது. உள்ளே தண்ணீர் நிரப்பும் மோட்டாருக்கு ஒருவர் எழுதிய ‘காற்று போகும்வரை ஆட்டி ஆட்டித் தண்ணீர் ஊற்று’ என்ற குறிப்பு, எண்ணெய் நிரப்பும் மோட்டாரின் பக்கத்திலும் வந்து நிற்கும். குறிப்பு துண்டோடு ஒட்டக்கூடாது, மாடலோடு ஒட்ட வேண்டும். நேம்பிளேட் விவரம் இல்லாத குறிப்பை ஏற்க மாட்டேன்.

ஸ்டார்ட்டர்பெட்டி
நேம்பிளேட் பாதி மோட்டாரில் தேய்ந்திருக்கும். இன்னும் பாதி எங்கேயோ ரீவைண்டிங் பண்ணினது. நாலு கட்டம் நிரப்பச் சொன்னா கிரீஸ் கையோட எவனும் எழுத மாட்டான்ணா.

தறிச்சத்தம்
தண்ணீரா எண்ணெயா, சிங்கிளா த்ரீயா. இந்த இரண்டை மட்டும் கேளுங்கள்.

கையேட்டுக்காரன்
ஹெச்பியும் வேண்டும். அதுக்குக் கீழே இறங்க மாட்டேன்.